சத்திரசிகிச்சைக்குப் பிறகு சாப்பாட்டுக் கொப்பி: எதை எழுதுவது, எப்போது மூடிவைப்பது

கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குத் திரும்பி ஐந்தாவது கிழமை. மெதுமையான சாப்பாடு தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஒரு முட்டையை அவித்து, உரித்து, நாலாக வெட்டி, ஒரு சோசரில் வைத்துத் தந்தார். அந்த நாலு துண்டையும் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்தேன். விழுங்கினால் உள்ளே போட்ட தையல் விட்டுப்போகுமோ, சத்தி வருமோ, இவ்வளவு காசு செலவழித்துச் செய்ததை ஒரு முட்டையால் கெடுத்துவிடுவேனோ என்று ஒன்றன்பின் ஒன்றாக யோசனை. கடைசியில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். கொப்பியில் எழுதினேன்: "முட்டை பாதி. பயம்."

"பயம்" என்ற அந்தக் கடைசிச் சொல்லை எழுதியதுதான் எனக்கு உதவியது என்பது பிறகுதான் விளங்கியது. இப்போது நாலு வருடம் ஆகிவிட்டது. வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போக இருப்பவர்கள், போய் வந்தவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "என்ன சாப்பிடுறது எண்டு தெரியும். எப்பிடிப் பயமில்லாமல் சாப்பிடுறது?" அவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரும் போசணை ஆலோசகரும் தந்த தாள்தான் உங்களுக்கு முதல் விதி. நான் எழுதுவதில் ஏதாவது அதோடு ஒத்துவராவிட்டால் அந்தத் தாளைப் பின்பற்றுங்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

பயத்தைக் குறைக்க முதலில் உடம்பைத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அதிகம் கேள்விப்படுவது இரண்டு வகை. ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒடுங்கிய குழாய் ஒன்றை விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரந்தது. அதனால்தான் முதல் மாதங்களில் பசியே தெரிவதில்லை. பைபாஸ் முறையில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னப் பை ஒன்றைச் செய்து அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். அதில் சீனி சட்டென்று குடலுக்குள் இறங்குவதால் தலைசுற்றல், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம்.

சாப்பாடு படிப்படியாக ஏறும். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால், மோர், வடித்த சூப், பிறகு அரைத்த கூழ்ப்பதம், பிறகு மெதுமையான சாப்பாடு, ஆறு முதல் எட்டுக் கிழமைக்குப் பிறகு வழமையான சாப்பாடு. எந்தக் கிழமையில் எது என்பதை ஒவ்வொரு வைத்தியசாலையும் கொஞ்சம் வித்தியாசமாகச் சொல்லும். பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கை நீங்கள் எடுக்க வேண்டாம்.

படி 1: கொப்பியும் ஐந்து நிரல்களும்

80 பக்க ஒற்றைக்கோட்டுக் கொப்பி போதும். நான் முதலில் கைத்தொலைபேசியில் ஒரு அப் போட்டுப் பார்த்தேன். அது ஒவ்வொரு வாய்க்கும் கலோரி கேட்டது. எங்கள் வீட்டுச் சொதியில் அம்மா எத்தனையாம் பால் விட்டார் என்று அதற்கு எப்படித் தெரியும்? இலக்கைத் தாண்டினால் இலக்கம் சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்த நாட்கள் உண்டு. அப் பிடித்தவர்கள் பாவியுங்கள். சிவப்பு உங்களைப் பட்டினி போட வைக்கிறதென்றால் அழித்துவிடுங்கள்.

கொப்பியில் ஐந்து நிரல்: நேரமும் சாப்பாடும், புரதம், தண்ணீர், குளிசை, பிறகு எப்படி இருந்தது. கடைசி நிரலில் ஒரு சொல் போதும். லேசு. இறுக்கம். சத்தி. பயம். நெஞ்சு அடைச்சது. சந்தோசம் என்றும் எழுதலாம், அதற்குத் தடையில்லை.

கலோரி எழுத வேண்டாம். நிறையை அந்தக் கொப்பியில் எழுதவே வேண்டாம், அதற்கு வேறு இடம் பிறகு சொல்கிறேன். "கெட்ட சாப்பாடு", "பிழை விட்டிட்டன்" போன்ற சொற்களும் வேண்டாம். நான் ஒரு பக்கத்தில் "மன்னிக்கவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ரோல்ஸ் அரைவாசி சாப்பிட்டால் "ரோல்ஸ் அரைவாசி, 4.30" என்று எழுதிவிட்டு மூடுங்கள்.

சாப்பிட்டு முடித்த உடனே எழுதுவது நல்லது. இரவில் உட்கார்ந்து முழு நாளையும் நினைத்து எழுதினால் அது எழுத்தாக இருக்காது, விசாரணையாகிவிடும்.

படி 2: கையால் அளக்கப் பழகுங்கள்

டிஜிட்டல் தராசு இருந்தால் ஒரே ஒரு கிழமை பாவியுங்கள். உங்கள் வீட்டு மேசைக்கரண்டியில் பருப்பு எவ்வளவு நிற்கிறது, உங்கள் சின்னக் கிண்ணம் எத்தனை மில்லிலீற்றர், உங்கள் உள்ளங்கை அளவு மீன்துண்டு எத்தனை கிராம் என்று ஒருமுறை பார்த்துக் கொப்பியின் பின்மட்டையில் எழுதுங்கள். பிறகு தராசை அலுமாரியில் வையுங்கள். சோற்றை மணிக்கணக்காக நிறுத்துப் பார்ப்பது ஒரு நோயாகவே வளரக்கூடியது. அதை நான் நெருங்கிப் பார்த்திருக்கிறேன்.

அளக்க வேண்டிய முதல் சாமான் புரதம். பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் என்று சொல்வார்கள். தசை கரையாமல் கொழுப்பு கரைய வேண்டுமென்றால் இது தேவை. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த நோய் இருந்தால் இந்த இலக்கத்தை எடுக்க வேண்டாம். உங்களுக்கான அளவைச் சிறுநீரக கிளினிக்கில் கேட்டே முடிவு செய்யுங்கள்.

எங்கள் குசினியில் உள்ளதை வைத்துக் கணக்குப் பார்ப்போம். முட்டை ஒன்றில் 6 கிராம். சமைத்த மீன் 30 கிராமில் 6 முதல் 7 கிராம். விரால் என்றாலும் இரணைமடுத் திலாப்பியா என்றாலும் கடல் பாரை என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சமைத்த இறாலும் அப்படித்தான். கோழி நெஞ்சிறைச்சி 30 கிராமில் 9 வரை. தடித்த பருப்புக்கறி ஒரு மேசைக்கரண்டியில் ஒரு கிராம் அளவு. கொழுப்பு நீக்கிய பால்மா 25 கிராமைக் கரைத்தால் 9. அவித்த கடலை, பயறு 100 கிராமில் 7 முதல் 9. ஆனால் அந்த 100 கிராமைச் சாப்பிட முதல் மாதங்களில் வயிற்றில் இடமிருக்காது. சோயாமீற் காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம். மரக்கறிக்காரருக்கு அது பெரிய கை. நன்றாக ஊறவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிச் சமையுங்கள்.

என் மூன்றாம் மாதத்துப் பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது. காலை 6.30 பால், 9. 8.30 முட்டை, 6. 10.30 யோகட் ஒரு கப், 3. மதியம் 1 மணி மீன் இரண்டு சின்னத் துண்டு, 12, பருப்பு இரண்டு கரண்டி, 2, குழைந்த சோறு ஒரு கரண்டி. 4 மணி பால், 9. இரவு 7 மணி கோழி, 13. கூட்டினால் 54. அறுபது வரவில்லை. அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன், ஏனென்றால் கிளினிக்கில் இருந்த தாதி சொல்லியிருந்தார்: ஒரு நாளைப் பார்க்காதே, ஒரு கிழமையைக் கூட்டி ஏழால் பிரித்துப் பார். அந்தக் கிழமை 61 வந்தது. தனி நாள் ஒன்று குறைவதும் கூடுவதும் உங்களை ஒன்றும் செய்யாது.

படி 3: தண்ணீர்

சத்திரசிகிச்சைக்குப் பிறகு மறுபடி வைத்தியசாலைக்கு ஓட வேண்டி வருவதற்கு உடம்பில் நீர் வற்றுவது ஒரு முக்கிய காரணம். வன்னியின் வெயிலில் இது இரட்டிப்பு. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடும். நாளுக்குக் குறைந்தது ஒன்றரை லீற்றர், வெளியில் வேலை செய்பவர்களுக்கு அதற்கு மேல்.

அரை லீற்றர்ப் போத்தல் மூன்று. காலையில் நிரப்பி வையுங்கள். ஒவ்வொன்று முடியும்போதும் கொப்பியில் ஒரு கோடு. மளமளவென்று குடித்தால் நெஞ்சில் வலிக்கும், ஆகவே ஒவ்வொரு மிடறாக. சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். எங்களுக்குக் கஷ்டமான விதி இதுதான். சோற்றுக்குப் பக்கத்தில் தண்ணிச் செம்பு இல்லாமல் சாப்பிட்டு யாருக்குப் பழக்கம்? நான் செம்பை மேசையிலிருந்து எடுத்துக் குசினிக்குள் வைத்துத்தான் பழகினேன்.

பிளேன்ரீக்குப் பனங்கட்டி கடித்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பனங்கட்டியும் சீனிதான். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிலும் தலைசுற்றும். சோடா வகை வேண்டாம், வாயு வயிற்றை நெரிக்கும். இளநீரைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக.

படி 4: குளிசை நிரல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. மல்டிவிற்றமின், இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி, பி12 இவை வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். கல்சியம் உணவோடும் குளிசையோடும் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் என்பது வழமை. ஒரே நேரத்தில் முழுவதையும் விழுங்கினால் உடம்பு எடுக்காது, பிரித்து எடுங்கள். இரும்பையும் கல்சியத்தையும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு எடுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவற்றைப் பாமசியில் தாமாக வாங்கி எடுக்க வேண்டாம், இரைப்பையில் புண் வரும், பைபாஸ் செய்தவர்களுக்கு விசேடமாக. பிள்ளை பெற நினைப்பவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள். நிறை குறையக் குறையக் கரு தங்கும் வாய்ப்பும் கூடும், ஆகவே குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலே கதையுங்கள்.

படி 5: பிளேட்டுக்கு முன்னால்

சின்னப் பிளேட், தேக்கரண்டி. முதலில் புரதம், பிறகு மரக்கறி, கடைசியில் சோறு. ஒரு வாயை வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வையுங்கள். கூழாகும் வரை மெல்லுங்கள். 20 முதல் 30 நிமிடத்துக்குள் முடியுங்கள். அதற்கு மேல் இழுத்தால் நாள் முழுக்கக் கொறிக்கும் பழக்கம் வரும்.

உடம்பு "காணும்" என்று சொல்லும் விதம் ஒவ்வொருவருக்கும் வேறு. எனக்கு மூக்கு ஒழுகும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விக்கல் வரும், இன்னொருவர் தும்முவார். நெஞ்சுக்குழியில் ஒரு அழுத்தம் எல்லாருக்கும் பொதுவாக வரும். அந்த அடையாளம் வந்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு வாய் என்பது எப்போதும் அடுத்த அரை மணி நேர வேதனை. முதல் மாதங்களில் உங்கள் கடைசி நிரலைத் திருப்பிப் பார்த்தால் உங்களுடைய அடையாளம் எது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

எங்கள் சாப்பாட்டில் கவனம் வேண்டியவை: உலர்ந்த பிட்டு, பாண், ரொட்டி. இவை தொண்டைக்குக் கீழே உருண்டு நிற்கும். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டால் இறங்கும், வெறுமனே என்றால் அடைக்கும். தும்பு நிறைந்த பனங்கிழங்கை நிறையச் சாப்பிட்டால் தும்பு சேர்ந்து வயிற்றில் கட்டியாக நிற்கக்கூடும், நன்றாக இடித்து மாவாக்கியதைக் கொஞ்சமாக எடுங்கள். கள்ளும் சாராயமும் முன்பைவிட மிக வேகமாக ஏறும். முன்பு ஒரு போத்தலுக்குத் தாங்கியவர் இப்போது ஒரு கிளாசுக்கே தாங்கமாட்டார். சாப்பாட்டுக்குப் பதிலாக மதுவைப் பிடித்துக்கொண்ட ஆட்களும் உண்டு. இதை வீட்டார் கவனிக்க வேண்டும்.

படி 6: பயத்தை எடுத்துப் பார்ப்பது

இனித்தான் உண்மையான வேலை. "பயமாயிருக்கு" என்று சொன்னால் போதாது. எதற்குப் பயம் என்று ஒரு வரி எழுதுங்கள். என் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோது நாலு பயம் தெரிந்தது: தையல் விடும், சத்தி வரும், வயிறு மறுபடி பெருக்கும், பழையபடி உடம்பு போடும்.

ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. தையல் பிரியும் ஆபத்து ஆரம்பக் கிழமைகளுக்குரியது, அதனால்தான் நீராகாரத்தில் இருந்து படிப்படியாக ஏற்றுகிறார்கள். ஆறிய பிறகு ஒரு வாய் கூடிப்போனால் வலிக்கும், சத்தி வரலாம், அவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு வயிற்றைப் பெருக்க வைக்காது. மாதக்கணக்காக ஒவ்வொரு நேரமும் அடையாளத்தைத் தாண்டித் திணித்தால்தான் இடம் கூடும். நிறை திரும்ப ஏறுவது நடக்கக்கூடியதுதான், இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது பலருக்கும் உண்டு. அதை ஒரு முட்டையில் தேடக்கூடாது, மாதங்களின் கணக்கில் பார்க்க வேண்டும்.

பதில் தெரிந்த பிறகும் பயம் போகாது. அதற்கு ஏணி வேண்டும். நீங்கள் பயப்படும் பத்துச் சாப்பாட்டை எழுதி, குறைந்த பயத்திலிருந்து கூடிய பயத்துக்கு அடுக்குங்கள். என் ஏணியில் அடியில் தயிர், நடுவில் குழைந்த சோறு, உச்சியில் பிட்டு. அவசரப்படாமல் கிழமைக்கு ஒன்று. வீட்டில், வேலையில்லாத நாளில், மதியத்தில், இரண்டு தேக்கரண்டி மட்டும். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால் நல்லது. சாப்பிட முன்பு கையை மடியில் வைத்து மூன்று தடவை மெதுவாக மூச்சை விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும்.

பிட்டை ஏழாம் மாதம் ஒரு சனிக்கிழமை தொட்டேன். அம்மா மீன் சொதியை ஊற்றி ஊறவிட்டுத் தந்தார். முதல் கரண்டி சரி. இரண்டாவதில் "இறுக்கம்" என்று எழுதினேன், எழும்பி நடந்தேன், இருபது நிமிடத்தில் விட்டது. இரண்டு கிழமை கழித்து, சொதியைக் கூட ஊற்றி மறுபடி. அன்றைக்கு எழுதியது "லேசு". இடையில் அந்த இரண்டு கிழமை விட்டது முக்கியம். ஒரு சாப்பாடு ஒருமுறை ஒத்துவராவிட்டால் அதை வாழ்நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அடுத்த நாளே வீம்புக்குச் சாப்பிடவும் வேண்டாம்.

எங்கள் மண்ணுக்குரிய இன்னொரு பயமும் உண்டு. அதை எந்த வைத்தியசாலைத் தாளிலும் நான் காணவில்லை. 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அம்மாவும் நானும் அந்த வரிசையில் நின்றோம். ஒவ்வொரு வருடமும் மே 18 இல் அந்தக் கஞ்சியைக் கையில் வாங்கும்போது கை நடுங்குகிறது. பசித்து இருந்த பிள்ளை பிறகு வளர்ந்து, கிடைத்ததையெல்லாம் மிச்சமில்லாமல் சாப்பிடுவதில் என்ன ஆச்சரியம்? இப்போது அதே பிள்ளையிடம் "மூன்று கரண்டியோடு நிறுத்து, மிச்சத்தை விடு" என்கிறார்கள். பிளேட்டில் சோறு மிஞ்சினால் எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் குறைவாகச் சாப்பிடுவதைப் பார்த்து அம்மா இரவில் அழுதார்.

இதற்கு நாங்கள் கண்ட வழி சின்னது. மிஞ்சாதபடி போட்டால் மிச்சம் விட வேண்டி வராது. அரைக் கப் கொள்ளும் எவர்சில்வர்க் கிண்ணம் ஒன்றை எனக்கென்று வைத்தோம். அது நிரம்பினால் அது என் முழுச் சாப்பாடு, பாதிச் சாப்பாடு கிடையாது. அப்படியும் மிஞ்சினால் கோழிகளுக்கு. அம்மாவைக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போனேன். என் இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று டொக்டர் அவருக்கு நேரே சொன்ன பிறகுதான் அவர் நித்திரை கொண்டார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 7: மற்றவர்களின் வீடுகள்

வன்னியில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் விடுவது அவமானம். வற்றாப்பளைப் பொங்கல், மடு திருவிழா, கல்யாணம், அந்தியேட்டி, எங்கே போனாலும் வாழையிலை விரியும்.

"என்ன பிள்ளை, கையை எடுத்திட்டாய்? கறி சரியில்லையே?"

"கறி நல்லாயிருக்கு மாமி. எனக்கு இவ்வளவும் காணும். இந்த மீன்துண்டைப் பொதி செய்து தாங்கோவன், இரவைக்குச் சாப்பிடுறன்."

இந்த ஒரு வசனம் எனக்கு எத்தனையோ வீட்டில் கைகொடுத்திருக்கிறது. சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு, வீட்டுக்குக் கேட்டு வாங்கினால் யார் மனமும் நோகாது. சத்திரசிகிச்சையைப் பற்றி எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "வயித்திலை ஒரு ஒப்பரேசன், கொஞ்சமாச் சாப்பிடச் சொன்னவை" என்பது உண்மையும்கூட. வெளியில் போக முன் வீட்டில் ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போனால் இலைக்கு முன் பதற்றம் பாதியாகும். கொப்பியைச் சபைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

விரதம் பற்றிக் கேட்பவர்கள் பலர். முதல் வருடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். கந்தசஷ்டியைப் பால், மோர், பருப்புத் தண்ணியோடு பிடிக்கலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். தவக்காலம், நோன்பு பிடிப்பவர்களும் அப்படியே. கோயிலில் குருக்களிடமோ பங்குத்தந்தையிடமோ மௌலவியிடமோ நிலைமையைச் சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

படி 8: நிறை, தலைமயிர், நின்றுபோன தராசு முள்

நிறையைக் கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், காலையில் பாருங்கள். கலண்டரில் எழுதுங்கள், சாப்பாட்டுக் கொப்பியில் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நிறை இருந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப்போடும்: நேற்று யோகட், இன்று 200 கிராம் கூட, ஆகவே யோகட் குற்றவாளி. அந்த 200 கிராம் பெரும்பாலும் தண்ணீர்.

சில கிழமைக்கு முள் அசையாமல் நிற்பது பலருக்கும் வரும், முதல் மாதத்திலேயே ஒருமுறை வரலாம். அப்போது சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை தலைமயிர் கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் சரியாகப் போகிறதா என்று கொப்பியில் பாருங்கள், கொட்டுவது ஒரு வருடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் இரத்தம் பரிசோதியுங்கள்.

படி 9: கொப்பியைக் குறைப்பது

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். பிறகு புரதம் தானாக 60ஐத் தொடுகிறதென்றால் கிழமைக்கு மூன்று நாள். ஒரு வருடத்துக்குப் பிறகு மாதத்தில் ஒரு கிழமை. குளிசை நிரலை மட்டும் நிறுத்த வேண்டாம். நான் இப்போது கிளினிக்குக்கு முந்திய கிழமையில் மட்டும் எழுதுகிறேன்.

எழுதாத நாளில் சாப்பிடவே முடியாமல் போகிறதா? நிறுக்காத சாப்பாட்டைத் தொட மறுக்கிறீர்களா? ஒரு நாளைக்கு நாலு தடவை தராசில் ஏறுகிறீர்களா? மென்றுவிட்டுத் துப்புகிறீர்களா, விரலை விட்டுச் சத்தி எடுக்கிறீர்களா? இரவில் யாருக்கும் தெரியாமல் கட்டுப்பாடில்லாமல் கொறித்துவிட்டு அழுகிறீர்களா? இதில் ஒன்று இருந்தாலும் கொப்பியை மூடிவிட்டு உதவி கேளுங்கள். இது மனவலிமைக் குறைவு கிடையாது, சிகிச்சை உள்ள நோய். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் உண்டு. யாரிடமாவது முதலில் கதைக்க மட்டும் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுக்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

24 மணி நேரமாகத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டால், காய்ச்சலோடு வயிற்றுவலியும் நெஞ்சுப் படபடப்பும் வந்தால், மலம் கறுப்பாகப் போனால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு முட்டினால், கொப்பியும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக "இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்" என்று சொல்லுங்கள்.

பல நாள் சத்தி எடுத்த பிறகு கால் விறைப்பது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, யோசனை குழம்புவது வந்தால் அது தயமின் என்ற பி1 விற்றமின் குறைபாடாக இருக்கலாம். சில நாள் தாமதமும் நரம்பை நிரந்தரமாகக் கெடுக்கும். பி1 ஐக் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே கூடப் போகிறவர் "எத்தனை நாளாகச் சத்தி" என்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். கடைசி நிரலைத் திறந்து காட்டினால் கணக்கு அங்கேயே இருக்கும்.

கிளினிக் நாளுக்கு முதல் இரவு கொப்பியைப் புரட்டி, "சத்தி", "பயம்" என்று எழுதிய பக்கங்களின் மூலையை மடித்து வையுங்கள். அதிகாலை பஸ்ஸில் ஏறிக் கொழும்பு போய்ச் சேரும்போது கேட்க நினைத்த பாதி மறந்துபோகும். டொக்டரின் மேசையில் மடித்த மூலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேளுங்கள். கடைசியாகப் போனபோது என் கொப்பியில் ஒரே ஒரு மூலை மடிந்திருந்தது. அதில் எழுதியிருந்தது: "கொத்துரொட்டி, மூன்று கரண்டி. இறுக்கம். அம்மாவும் சாப்பிட்டார்."